மூச்சை இழுத்து அடக்குங்க!

ஸ்கேன் அறைக்குள் காலடி வைக்கிறவர்கள் அனேகமாக முதலில் கேட்பது, "ஏன் இப்படி இருட்டாக் கிடக்கு?" என்பதுதான். பயப்பட ஒன்றுமில்லை. திரையில் வரும் படம் முழுவதும் சாம்பல் நிறம். கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடியும்வரை பொதுவாக 256 படிகள். அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு நடுவில்தான் ஈரலில் உள்ள ஒரு சின்னக் கட்டி ஒளிந்திருக்கும். யன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்காகத்தான் திரைச்சீலை, அதற்காகத்தான் அந்த அரையிருட்டு. அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், கட்டிலில் படுத்திருக்கிற ஆளே கழுத்தை நீட்டித் திரையை எட்டிப் பார்க்க ஆசைப்படுவார். எனக்கு அந்த ஆசை இன்றுவரை அடங்கவில்லை. வாருங்கள், கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிடுவோம்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் இருக்கும் பழுகாமத்துக்காரருக்கு ஸ்கேன் என்பது ஒரு பயணமும்கூட. ஊர் வைத்தியசாலையில் டொக்டர் பார்த்து, துண்டில் "யூ.எஸ்.எஸ்." (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) என்று மூன்று எழுத்துப் போட்டுக் கொடுப்பார். பிறகு பெரியபோரதீவைத் தாண்டி, பட்டிருப்புப் பாலத்தில் வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ போகவேண்டும். மண்டூர்ப் பக்கத்தவர்கள் குருமண்வெளித் துறைக்குப் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி வருவார்கள். வயல் வேலை செய்கிறவருக்கு அன்றைய கூலி இல்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும். இவ்வளவும் செய்து போய் வரிசையில் இருந்து உள்ளே போனபிறகு, "காலையில பால்தேத்தண்ணி குடிச்சீங்களா? அப்ப இன்னொரு நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்புவது எவ்வளவு பெரிய கொடுமை! இந்தப் பதிலைப் படுவான்கரையில் இனி ஒருவரும் கேட்கக்கூடாது என்பதுதான் என் ஆசை. ஸ்கேன் படம் நன்றாக வருவதில் பாதி மெசினின் வேலை, பாதி நோயாளியின் வேலை. அந்த இரண்டாவது பாதியை யாரும் நமக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை.

முதலில் மெசினின் பாதி. மட்டக்களப்பாருக்கு இதை விளங்கப்படுத்துவதைப் போல இலேசான காரியம் வேறில்லை, ஏனென்றால் நம்மிடம் பாடும் மீன் இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள் அல்லவா? லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசுசபைக் குரு ஒலிப்பதிவு செய்து, இலங்கை வானொலி வழியாக ஊருலகமே கேட்ட ஒலி அது. துடுப்பு எதற்கு? தண்ணீருக்குள் பிறந்த ஒலி மேலே வந்து காற்றைத் தொட்டதும் அனேகமாக முழுவதும் மோதித் திரும்பித் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். துடுப்பு மரம்தான் அதைக் காதுவரை கொண்டுவந்து சேர்க்கிறது. ஸ்கேன் அறையில் துடுப்பின் வேலையைச் செய்வது, வயிற்றில் பூசுகிற அந்தக் குளிர்ந்த ஜெல்.

டொக்டர் கையில் பிடித்திருக்கும் கருவிக்குப் புரோப் என்று பெயர். அதன் முனையில் மெல்லிய பீங்கான் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும். அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் கொடுக்கும். சில பளிங்குகளுக்கு இந்தக் குணம் இருப்பதை 1880இல் பிரான்சில் கண்டுபிடித்தவர்கள் கியூரி சகோதரர்களான ஜாக்கும் பியேரும். மனிதக் காதுக்குச் செக்கனுக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். வயிற்று ஸ்கேனில் புரோப் எழுப்பும் ஒலியோ செக்கனுக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வு! உடலின் மென்மையான சதைக்குள் அது செக்கனுக்கு 1,540 மீற்றர் வேகத்தில் பாய்கிறது. 10 சென்றிமீற்றர் ஆழத்தில் இருக்கும் சிறுநீரகத்தைத் தொட்டு எதிரொலி திரும்பி வர, ஒரு செக்கனை ஏறத்தாழ 7,700 துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு நேரம் போதும். எதிரொலி எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்து ஆழத்தையும், எவ்வளவு பலமாக வந்தது என்பதை வைத்து வெளிச்சத்தையும் மெசின் தீர்மானித்துப் புள்ளி புள்ளியாகப் படம் போடுகிறது. அதுவும் செக்கனுக்கு முப்பது, நாற்பது படம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. புரோப் ஒலி எழுப்புவது மிகச் சிறிய நேரம்தான். மீதி நேரமெல்லாம் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் வருவதுபோன்ற கதிர்வீச்சு இதில் துளியும் இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், கர்ப்பிணிப் பிள்ளைகள் நிம்மதியாக மேலே வாசிக்கட்டும்.

ஜெல் வருவதற்கு முன்னால் நோயாளிகள் என்ன பாடு பட்டார்கள் தெரியுமா? 1950களில் அமெரிக்காவின் டென்வரில் டக்ளஸ் ஹவ்ரி என்ற வைத்தியரின் குழுவினர், பி-29 போர் விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு ஒன்றை எடுத்து, அதில் தண்ணீரை நிரப்பி, ஆளை உள்ளே உட்கார வைத்து ஸ்கேன் செய்தார்கள்! காற்று இடையில் வரக்கூடாதே, அதற்காக. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்றுப் பேராசிரியர் வேறு வழியில் போனார். 1955 யூலையில், சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலியால் தேடும் கருவி ஒன்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் கொண்டுபோயிருந்தார். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வெவ்வேறாக வந்தது. ஜோன் மக்விக்கர், டொம் பிரவுன் இருவரோடும் சேர்ந்து 1958 யூனில் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இன்று பழுகாமத்துத் தாய் தன் பிள்ளையைத் திரையில் பார்ப்பதற்கு வழி திறந்தது. இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்யமுடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உள்ளே இருப்பது பெரிய சூலக நீர்க்கட்டி என்று அவர்கள் காட்டினார்கள். கட்டியை எடுத்தார்கள், அந்தப் பெண் பிழைத்தார். இரும்பில் வெடிப்புத் தேடிய கருவியின் பிள்ளை செய்த வேலையைப் பாருங்கள்!

இனி நம் பாதி. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேல்வயிறா, சிறுநீர்ப் பாதையா, கருப்பையா, கழுத்தா? ஒவ்வொன்றுக்கும் ஆயத்தம் வேறு. நாள் குறித்துத் தரும்போதே, "சாப்பிடாம வரணுமா, தண்ணி குடிச்சிட்டு வரணுமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நாள் குறிக்கும் மிஸ்மாருக்கும் அது உதவிதான்.

மேல்வயிற்று ஸ்கேன் என்றால் ஆறு மணித்தியாலமாவது வெறும் வயிறு. பழுகாமத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்போம். திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்கு விரதம் பிடிக்கிற ஊர் அல்லவா! ஆனால் சிக்கலே அங்கேதான். விரதத்தில் பாலும் பழமும் சேரும். ஸ்கேனுக்கு அந்தப் பால்தான் பகை. பித்தப்பை என்பது ஈரலுக்கு அடியில் தொங்கும் சின்னப் பை. வெறும் வயிற்றில் பித்தம் நிறைந்து உப்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் மூன்று மில்லிமீற்றர்க் கல்கூடத் தெரியும். கொழுப்புள்ள எதுவும் வயிற்றுக்குள் போனதும் பித்தப்பை சுருங்கி, இருந்த பித்தத்தைக் குடலுக்குள் விட்டுவிடும். ஒரு கோப்பை பால்தேத்தண்ணியே அதற்குப் போதும். பிறகு அந்தச் சுருங்கிய பைக்குள் கல்லை எங்கே தேடுவது? வெற்றிலை போடுவதையும் சுருட்டுப் பற்றுவதையும் அன்று காலை விட்டுவிடுங்கள். மெல்லும்போதும் புகைக்கும்போதும் காற்றை விழுங்குகிறோம். காற்றைக் கண்டால் ஒலி திரும்பி ஓடிவிடும் என்று பார்த்தோம் அல்லவா? வழமையான பிறசர்க் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் மட்டும் இன்சுலினையும் குளிசையையும் பற்றித் தங்கள் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, காலையில் முதல் ஆட்களில் ஒருவராகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையில் இனிப்பு ஏதாவது இருக்கட்டும். தலை சுற்றினால் ஸ்கேனைப் பார்க்க வேண்டாம், சாப்பிடுங்கள். படம் இன்னொரு நாள் எடுக்கலாம்.

சிறுநீர்ப் பாதைக்கும், வயிற்றின் மேலிருந்து பார்க்கும் கருப்பை ஸ்கேனுக்கும் நேர்மாறு: சலப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் நாலு கிளாஸ் அளவு, அதாவது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு, போகாமல் அடக்கி இருக்கவேண்டும். நிறைந்த சலப்பை குடலை மேலே தள்ளிவிடும். குடலில் உள்ள வாயுவும் அதோடு விலகும். பிறகு சிறுநீர் வழியாக ஒலி தங்குதடையின்றிப் போய்ப் பின்னால் இருக்கும் கருப்பையைத் தொட்டு வரும். இந்த உபாயத்தை 1960களின் தொடக்கத்தில் ஊருக்குச் சொன்னவரும் அதே டொனால்ட்தான். வரிசை நீண்டு, அடக்கமுடியாமல் வந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சி நிறைந்தால் சிறுநீரகம் வீங்கியதுபோலப் படத்தில் தெரிந்து வீண் சந்தேகமும் வரும். கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்வார்கள். சிறுநீரக வருத்தத்துக்கோ இருதய வருத்தத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், இந்த ஒரு லீற்றர் கணக்கு உங்களுக்கு இல்லை. துண்டு எழுதும்போதே டொக்டரிடம் கேளுங்கள்.

கழுத்து, மார்பு, கால் இரத்தக் குழாய் ஸ்கேன்களுக்கு ஆயத்தமே தேவையில்லை. உடுப்பு மட்டும் இலேசாகத் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். மேலும் கீழும் தனித்தனியான உடுப்பு நல்லது: சட்டையும் பாவாடையும், சாரமும் சேர்ட்டும்.

சரி, கட்டிலில் ஏறியாயிற்று. ஜெல் வயிற்றில் விழுந்ததும் படுத்திருக்கும் பெத்தா, "ஐயோ மனே, குளிருது!" என்று துள்ளுவார். பெரும்பகுதி தண்ணீர்தான், துடைத்தால் போய்விடும், சேலையில் கறை பிடிக்காது. பிறகு வரும் அந்தப் புகழ்பெற்ற கட்டளை: "மூச்சை இழுத்து அடக்குங்க!" ஈரலும் பித்தப்பையும் மண்ணீரலும் விலா எலும்புகளுக்குப் பின்னால் மறைந்திருப்பவை. எலும்பையும் இந்த ஒலி தாண்டாது. மூச்சை ஆழமாக இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கி, ஈரலையும் தன்னோடு கீழே தள்ளிவிடும். விலாவுக்குப் பின்னால் இருந்த ஈரல் கொஞ்சம் வெளியே வந்து தலைகாட்டும். அந்தப் பத்துச் செக்கன் மூச்சு உங்கள் கையில்தான் இருக்கிறது. எந்த விலை உயர்ந்த மெசினாலும் உங்களுக்காக மூச்சு இழுக்க முடியாது.

இப்போது திரைக்குக் கிட்டே வாருங்கள். நீளமான கறுப்புப் பை ஒன்று தெரிகிறதா? அதுதான் பித்தப்பை. நீர் எதிரொலி தராது, அதனால் கறுப்பு. அதன் அடியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிக்குக் கீழே நேராக ஒரு கறுப்பு நிழல். ஒலியைக் கல் மறித்துவிட்டது, அதன் பின்னால் ஒன்றும் போகவில்லை. டொக்டர் இப்போது, "இடப்பக்கம் திரும்பிப் படுங்க" என்கிறார். பெத்தா திரும்புகிறார். வெள்ளைப் புள்ளி மெதுவாக உருண்டு பையின் மறுபக்கத்துக்குப் போகிறது, நிழலும் அதோடு போகிறது! உருண்டால் கல். உருளாமல் சுவரில் ஒட்டி நின்றால் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். உயிரோடு இருக்கும் ஒருவரின் வயிற்றுக்குள் ஒரு கல் உருளுவதை, ஒரு கீறல்கூடப் போடாமல் பார்க்கிறோம். திரும்பிப் படுக்கச் சொல்வது எதற்கென்று தெரியாமல் சிலர் கலவரப்படுவார்கள். இதற்குத்தான். புரோப்பை அழுத்தும்போது ஓரிடத்தில் சுருக்கென்று நொந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். எங்கே நோகிறது என்பதும் டொக்டருக்கு ஒரு விடை.

இன்னொரு அதிசயம் சலப்பையில் இருக்கிறது. நிறம் காட்டும் டொப்ளர் முறையைப் போட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், கறுப்பாக அமைதியாகக் கிடக்கும் சலப்பையின் அடியில் திடீரென்று ஒரு சிவப்புக் கீற்றுப் பாயும். சிறுநீரகம் அந்த நொடியில் அனுப்பிய சிறுநீர்! கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் இருந்து இன்னொன்று. இரண்டு பக்கமும் நன்றாகப் பாய்ந்தால், இரண்டு குழாயும் முற்றாக அடைபடவில்லை என்று தெரிந்துவிடும். குழந்தையின் இதயத்துடிப்பைக் குடும்பநல மிஸ் கேட்கவைக்கும்போது வரும் டப்டப் ஓசையும் டொப்ளர்தான். உண்மையில் அது இதயத்தின் நேரடி ஓசை அல்ல. ஓடும் இரத்தத்திலும் அசையும் இதயத்திலும் பட்டு ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அந்த வித்தியாசம் செக்கனுக்குச் சில நூறு, சில ஆயிரம் அதிர்வு என்று சரியாக நம் காது கேட்கக்கூடிய அளவுக்குள் வந்து விழுகிறது. எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் இது!

கர்ப்பிணிகளுக்கு இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 24 கிழமைக்கு முன்னால் ஒரு ஸ்கேனாவது எல்லாத் தாய்மாருக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. பிள்ளையின் உறுப்புகளைத் தலை முதல் கால்வரை பார்க்கும் ஸ்கேன் பொதுவாக 18 முதல் 22 கிழமைக்குள். முதல் மூன்று மாதத்து ஸ்கேன் சொல்லும் திகதிதான் நம்பகமானது. ஒரு கிழமைக்குள் சரியாக இருக்கும். கடைசி மூன்று மாதத்து ஸ்கேனில் திகதி மூன்று கிழமைவரைகூட மாறிக் காட்டலாம், ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் அளவில் வளர்கிறது. புதிய ஸ்கேனில் வேறு திகதி வந்ததும், "முதல்ல பிழையாச் சொல்லிட்டாங்க" என்று மனம் குழம்பவேண்டாம். பழைய திகதியைத்தான் வைத்துக்கொள்வார்கள். நிறைக் கணக்கும் அப்படித்தான்: 3 கிலோ என்று வந்தால் 2.6ஆகவும் இருக்கலாம், 3.4ஆகவும் இருக்கலாம். ஆணா பெண்ணா என்று கேட்டு டொக்டரை நெருக்காதீர்கள். இந்தியாவில் அதைச் சொல்வதே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்கே அந்தக் கேள்வியால் எத்தனை பெண் பிள்ளைகள் பிறக்காமலே போனார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

சில வேளை பெண்களுக்குப் புரோப்பைப் பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் தேவைப்படும். அதற்கு மட்டும் சலப்பை காலியாக இருக்கவேண்டும். ஏன் செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட ஒரு பெண் தாதி நிற்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. விருப்பமில்லை என்று சொல்லவும் உரிமை உண்டு. புரோப்புக்கு இறப்பர் உறை போடுவார்கள். இறப்பர் ஒத்துவராதவர்கள் முன்னதாகச் சொல்லவேண்டும்.

மாரி மழை ஓய்ந்து நுளம்பு பெருகும் மாதங்களில் ஸ்கேன் அறைக்கு வேறொரு பெரிய பொறுப்பு வருகிறது. டெங்குக் காய்ச்சலில் ஆபத்தான கட்டம் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும் நேரம். நெஞ்சறையிலும் வயிற்றிலும் சேரும் அந்த மெல்லிய கறுப்புக் கோட்டை, ஆளுக்கு வெளியே ஒன்றும் தெரியாதபோதே ஸ்கேன் காட்டிவிடும். காய்ச்சல் விட்டுவிட்டதே, இன்னும் ஏன் திரும்பத் திரும்ப ஸ்கேன் என்று வார்டில் முகம் சுளிக்காதீர்கள். காய்ச்சல் விடும் நேரம்தான் அந்தக் கசிவு நடக்கும் நேரம்.

உள்ளே இருக்கும்போது பலரை வாட்டுவது டொக்டரின் மௌனம். "ஒண்டும் பேசுறாரில்ல, என்னமோ பெரிய வருத்தம் போல." அப்படி ஒன்றும் இல்லை. அவர் அளந்துகொண்டிருக்கிறார். படத்தை நிறுத்தி, இரண்டு முனைக்குக் குறி போட்டு, நீளம் அகலம் பார்த்து, மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்தபிறகு, "டொக்டர், எனக்கும் காட்டுவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத நாளென்றால் திரையைத் திருப்புவார்கள். முதியவர்களைச் சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி வரச் சொல்வதும் உண்டு. சலப்பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதற்கு அது. அப்பாமார் அதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிடக்கூடாது!

ஸ்கேனில் எல்லாம் தெரியும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். இரைப்பைப் புண்ணைத் தேடுவதற்கு இது ஏற்ற வழி அல்ல. வாயு நிறைந்த குடலுக்குப் பின்னால் உள்ளது தெரியாது. அறிக்கை சுகமென்று வந்தும் வயிற்றுக்குத்து நிற்கவில்லை என்றால் மறுபடி டொக்டரிடம் போகத்தான் வேண்டும். அதேபோல, சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி, ஈரலில் கொஞ்சம் கொழுப்பு என்று எழுதியிருந்தால் வீட்டில் இழவு வீட்டு முகத்தோடு இருக்கவேண்டியதும் இல்லை. எவ்வளவு பேருக்கு இருக்கிறது!

கடைசியாக அறிக்கைத் தாள். போன வருடம் 6 மில்லிமீற்றராக இருந்த கல் இந்த வருடம் 9 ஆகியிருக்கிறதா என்பதைப் பழைய அறிக்கை கையில் இருந்தால்தான் சொல்லமுடியும். எனவே பழைய அறிக்கைகள், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஸ்கேன் படத்தைப் பெரும்பாலும் சூட்டில் கறுக்கும் தாளில்தான் அச்சடிக்கிறார்கள். பிள்ளையின் முதல் படம் என்று ஆசையாசையாக லமினேற் பண்ணக் கொடுத்தால், அந்த மெசினின் சூட்டில் படம் முழுவதும் கறுத்துப்போய்விடும். வெயில் படும் இடத்தில் மாட்டினாலும் நாளடைவில் அழிந்துவிடும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே கைபேசியில் அதை ஒரு படம் எடுத்துவிடுங்கள். அறிக்கையை மடிக்காமல் கிளினிக் கொப்பிக்குள் வைத்து, துண்டு எழுதிய அதே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.